பேட்டரி நீடிக்க வேண்டுமென்றால் போன் மந்தமாகத்தான் இருக்க வேண்டுமா?

வெண்ணிலவன்

வெகு நாளாக மண்டையைக் குடையும் கேள்வி இது. என் போன் கொஞ்சம் பழையது, 120 ஹெர்ட்ஸ் திரை, 5000 எம்ஏஎச் பேட்டரி. சும்மா விட்டால் சாயங்காலத்துக்குள் சிவப்புக் கோடு வந்துவிடுகிறது. பவர் சேவரைப் போட்டால் ராத்திரி வரை தாங்குகிறது, ஆனால் கீபோர்டு எழும்பவே யோசிக்கிறது, ஸ்க்ரோல் திக்கித் திக்கி நகர்கிறது, கேமரா தயாராவதற்குள் எடுக்க நினைத்த காட்சி கையை விட்டுப் போய்விடுகிறது. வேகமா பேட்டரியா, இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று கேட்டவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். நிஜமாகவே அப்படித்தானா? ரூட் செய்து, அதாவது போனின் முழு அதிகாரத்தையும் கையில் எடுத்து, சிபியு எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் கவர்னரை மாற்றினால் பிரயோஜனம் உண்டா? நீளமாக எழுதினாலும் பரவாயில்லை, பொறுமையாகப் படிப்பேன்.

சுடர்விழி22

ரீசன்ட் ஆப்ஸைத் திறந்து எல்லாவற்றையும் தள்ளி மூடிவிடுங்கள் சகோ. போனைக் கீழே வைக்கும் முன் நான் எப்போதும் அதைத்தான் செய்கிறேன். ரேம் காலியாக இருந்தால் வேகமும் கிடைக்கும், சார்ஜும் மிஞ்சும்.

மின்துளி

தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள், வேகம் பேட்டரி இரண்டுமே அதனால் கெடும். ரேமில் ஒரு ஆப் சும்மா உட்கார்ந்திருப்பதற்குத் தனியாக மின்சாரம் செலவாவதில்லை, ரேம் காலியாக இருந்தாலும் நிரம்பி இருந்தாலும் அதற்குப் போகும் மின்சாரம் ஏறக்குறைய ஒன்றுதான். புதிய ஆண்ட்ராய்டுகளில் பின்னால் போன ஆப்களை உறைய வைத்தே விடுகிறார்கள், அவற்றுக்கு சிபியு கிடைப்பதே இல்லை. ஆனால் நீங்கள் மூடிவிட்டு மறுபடி திறக்கும்போது ஸ்டோரேஜிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகப் படித்து, ப்ராசஸை எழுப்பி, முதல் திரையை வரைந்து முடிக்கும் வரை சிபியு உச்ச வேகத்தில் ஓட வேண்டியிருக்கிறது. 2016ல் ஒரு பயனர் இதே கேள்வியை ஆப்பிளுக்கு மின்னஞ்சலில் அனுப்பினார், ஆப்களை அடிக்கடி மூடுகிறீர்களா, பேட்டரிக்கு அது அவசியமா என்று. ஆப்பிளின் மென்பொருள் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி இரண்டுக்கும் இல்லை என்று பதில் எழுதினார். கூகுளில் ஆண்ட்ராய்டுக்குப் பொறுப்பாக இருந்த ஹிரோஷி லாக்ஹைமரும் அதை ஆமோதித்தார்.

இப்போது வெண்ணிலவன் கேட்டதற்கு வருகிறேன். இரண்டில் ஒன்றுதான் என்பது பெரும்பாலும் பொய். கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். 5000 எம்ஏஎச் பேட்டரி, சராசரி 3.85 வோல்ட் என்றால் சுமார் 19 வாட் மணி. 24 மணி நேரம் வர வேண்டுமென்றால் சராசரியாக 0.8 வாட்டுக்கு மேல் செலவழிக்கக் கூடாது. அதையே ஜூலில் சொன்னால் மொத்தக் கையிருப்பு ஏறக்குறைய 69,000 ஜூல்.

நீங்கள் திரையைத் தொடும்போது சிபியு உடனே எகிறி, 0.2 விநாடிக்கு 2 வாட் கூடுதலாக இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 0.4 ஜூல். ஒரு நாளைக்கு 3000 முறை தொட்டாலும் 1200 ஜூல்தான், பேட்டரியில் 2 சதவீதத்துக்கும் கீழே. அதே போன் சட்டைப்பையில் தூங்க வேண்டிய நேரத்தில் ஏதோ ஒரு ஆப் வேக்லாக்கைப் பிடித்துக்கொண்டு சிபியுவைத் தூங்க விடாமல் வைத்திருக்கிறது, அதற்குக் கூடுதலாக 0.15 வாட் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தால் ஒன்றுமே இல்லாத அளவு. ஆனால் 18 மணி நேரம் அப்படியே இருந்தால் 14 சதவீதம் காலி, யாரும் எதையும் பார்க்காமலே.

ஆக, விரல் படும்போது தாராளமாகச் செலவழிக்கலாம், கஞ்சத்தனமெல்லாம் விரல் படாதபோதுதான் வேண்டும். பல போன்களில் பவர் சேவர் இதைத் தலைகீழாகச் செய்கிறது. சிபியுவின் உச்ச வேகத்தை வெட்டி, உங்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மிச்சம் பிடிக்கிறது.

ஓம்விதி

பாதி சரி. சிபியுவை எகிற விட்டு "சீக்கிரம் முடித்துவிட்டுத் தூங்கப் போ" என்பதை இப்படி மொத்தமாக எல்லாவற்றுக்கும் நீட்டக் கூடாது. சிப்பில் ஸ்விட்ச் ஆகும்போது செலவாகும் மின்திறன் வோல்ட்டேஜின் வர்க்கத்தையும் கடிகார வேகத்தையும் பெருக்கினால் வருவது. வேகத்தைக் கூட்டினால் வோல்ட்டேஜையும் கூட்டியாக வேண்டும். 0.7 வோல்ட்டில் முடியும் வேலையை 1.0 வோல்ட்டில் அவசரமாக முடித்தால் அதே வேலைக்கு இரண்டு மடங்கு ஆற்றல் போகிறது. சீக்கிரம் தூங்கியதால் கிடைக்கும் லாபம் அந்த இரண்டு மடங்கை ஈடுகட்டினால்தான் உங்கள் கணக்கு நிற்கும். பழைய சிப்களில் முழித்திருப்பதற்கே செலவு அதிகம், அதனால் ஈடுகட்டியது. இப்போதெல்லாம் உச்ச வேகத்தின் கடைசிப் படிகள் கொள்ளை விலை, கிடைக்கும் வேகமோ கொஞ்சம்.

சிப் வடிவமைக்கும் ஏஆர்எம் 2011ல் கார்டெக்ஸ் ஏ15 என்ற பெரிய கோரையும் ஏ7 என்ற சின்ன கோரையும் ஒன்றாகக் கோத்து பிக்-லிட்டில் கொண்டுவந்ததே இதனால்தான். பாட்டு ஓடுவது, மெயில் சிங்க் ஆவது, போட்டோ பேக்கப் எல்லாம் சின்ன கோரில் மெதுவாக நகர்ந்தால் போதும். அதற்குப் பெரிய கோரை எழுப்பினால் வீண்.

மின்துளி

ஓம்விதி, பின்னணி வேலைக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, அதில் எனக்கு வழக்கே இல்லை. நான் சொன்னது ஒரு மனிதர் திரையைப் பார்த்துக் காத்திருக்கும் நேரத்தை மட்டும். அங்கே காலதாமதத்துக்கும் விலை உண்டு. திரை எரிந்துகொண்டுதானே இருக்கிறது? ஆப் திறக்க அரை விநாடி அதிகமானால் அந்த அரை விநாடியும் திரை, ஜிபியு, ரேம் எல்லாம் சேர்ந்து சாப்பிடும்.

கவர்னர் பற்றிக் கேட்டாரே, அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் திக்குவதற்கு மூலம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. ஆண்ட்ராய்டின் அடியில் ஓடும் கெர்னலான லினக்ஸின் 4.7ல், 2016ல், ஷெட்யூட்டில் என்ற கவர்னர் வந்தது. வேலைகளை சிபியுவுக்குப் பிரித்துக்கொடுக்கும் ஷெட்யூலர் ஒவ்வொரு வேலையும் எவ்வளவு ஓடியது என்று கணக்கு வைத்திருக்கும், அந்தக் கணக்கைப் பார்த்து கடிகார வேகத்தை ஏற்றுவது இறக்குவது. ரொம்ப நேர்த்தியான யோசனை. ஆனால் அந்தக் கணக்கின் அரை ஆயுள் 32 மில்லி விநாடி. அதாவது சும்மா கிடந்த ஒரு வேலை திடீரென்று முழு மூச்சாக ஓட ஆரம்பித்தால், அது பாதி அளவு பெரிய வேலை என்று கணக்கில் ஏறவே 32 மில்லி விநாடி ஆகிறது. உங்கள் 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 8.3 மில்லி விநாடி. நீங்கள் விரலை வைத்து இழுக்க ஆரம்பித்து, இவர் பெரிய வேலைக்காரர்தான் என்று கெர்னல் புரிந்துகொள்வதற்குள் கிட்டத்தட்ட 4 ஃப்ரேம் போயே போய்விட்டது. ஸ்க்ரோலின் ஆரம்பத்தில் மட்டும் ஒரு குலுக்கல், அப்புறம் வழுக்கிக்கொண்டு போகிறது என்று நிறையப் பேர் சொல்வார்கள், கவனித்திருக்கிறீர்களா? இதுதான் அது.

இதற்கு மருந்து முன்கூட்டியே சொல்லிவிடுவது. 2012ல் ஆண்ட்ராய்டு 4.1ல் ப்ராஜெக்ட் பட்டர் வந்தபோதே, விரல் பட்டவுடன் சிபியு வேகத்தை ஏற்றுவதைச் சேர்த்தார்கள், வேலை குவியும் வரை காத்திருக்கவில்லை. பிற்பாடு லினக்ஸ் 5.3ல், 2019ல், யூடில் கிளாம்ப் வந்தது. இந்த வேலைக்குக் குறைந்தது இவ்வளவு வேகம் கொடு, அந்த வேலைக்கு இதற்கு மேல் கொடுக்காதே என்று தனித்தனியாகச் சொல்லலாம். திரையை வரையும் த்ரெட்டுக்குத் தரை, பின்னணி சிங்க்குக்குக் கூரை. போன் முழுவதற்கும் ஒரே கூரை போடும் பவர் சேவரைவிட இது எவ்வளவோ மேல்.

அதனால் வெண்ணிலவன், ரூட் செய்து கவர்னரை மாற்றாதீர்கள். பர்ஃபார்மன்ஸ் போட்டால் சிபியு எப்போதும் உச்சியில் நிற்கும், பவர்சேவ் போட்டால் எப்போதும் அடியில் கிடக்கும். இரண்டுக்கும் விரல் பட்டதா இல்லையா என்றே தெரியாது. கம்பெனி கொடுத்த சீரமைப்பு குறையுள்ளதாக இருந்தாலும் அதற்காவது அது தெரியும்.

தறி

> அந்த அரை விநாடியும் திரை, ஜிபியு, ரேம் எல்லாம் சேர்ந்து சாப்பிடும்

இந்த வாதத்தை இத்தனை வருடத்தில் இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. நன்றி மின்துளி.

கயல்மொழி

நான் ஆப் எழுதுகிறவள். இதுவரை எல்லாரும் திரை எரியும்போது என்ன ஆகிறது என்று மட்டும் பேசுகிறீர்கள். போன் பையில் கிடக்கும்போதும் அது பதில் சொல்ல வேண்டும், இல்லையா? செய்தி வந்தால் காட்ட வேண்டும், அலாரம் வைத்த நேரத்தில் அடிக்க வேண்டும். மின்துளி சொல்வதுபோல் "விரல் படாதபோது கஞ்சத்தனம்" என்று மொத்தமாகச் சொல்லிவிட்டால் முதலில் அடிபடுவது அதுதான்.

மருந்து நேரத்தை நினைவூட்டும் ஆப் ஒன்றை நான் பராமரிக்கிறேன். சிஸ்டம் கேட்கும் அனுமதியெல்லாம் முறையாகக் கேட்டு, போன் ஆழ்ந்து தூங்கும் டோஸ் (Doze) நிலையிலும் அடிக்கக்கூடிய அலாரத்தைத்தான் பயன்படுத்துகிறேன். அந்த வகை அலாரத்தை ஒரு ஆப் 9 நிமிடத்துக்கு ஒரு முறைக்கு மேல் டோஸில் எழுப்ப முடியாது என்று ஆண்ட்ராய்டே கட்டுப்பாடு வைத்திருக்கிறது, அதில் எனக்குக் குறையே இல்லை, நியாயமான கட்டுப்பாடு. ஆனால் ஒரு குறிப்பிட்ட கம்பெனியின் போன்களில், திரை அணைந்து கொஞ்ச நேரத்தில் என் ஆப்பையே அடியோடு கொன்றுவிடுகிறார்கள், வைத்த அலாரமும் சேர்ந்து போய்விடுகிறது. செட்டிங்ஸுக்குள் மூன்று அடுக்கு போய் ஒரு சுவிட்சைத் தட்டினால்தான் உயிரோடு விடுகிறது. வயதானவர்கள் எங்கே போய் அதைத் தேடுவார்கள்? மாத்திரை நேரம் தவறிப்போனது என்று மெயில் வரும்போதெல்லாம் மனசு கஷ்டமாக இருக்கிறது. அந்த போனின் விளம்பரத்தில் மட்டும் இரண்டு நாள் பேட்டரி என்று இருக்கும்.

ஆப் எழுதுகிறவர்கள் பக்கத்திலும் அநியாயம் நடந்தது, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் ஒவ்வொரு ஆப்பும் "புதுசா ஏதாவது வந்திருக்கா" என்று 5 நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரைத் தட்டிக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு 288 தடவை. அனுப்புவது என்னவோ சில நூறு பைட்தான், ஆனால் மொபைல் ரேடியோ ஒருமுறை எழுந்தால் உடனே படுக்காது, அடுத்த பாக்கெட் வரலாம் என்று சில விநாடிகள் முழிப்போடு காத்திருக்கும். 10 விநாடி என்று வைத்தாலே 288 தடவைக்கு 48 நிமிடம் ரேடியோ சும்மா முழித்திருக்கிறது, அதுவும் ஒரே ஒரு ஆப்புக்காக. ஆப்பிள் 2009லும் கூகுள் 2010லும் புஷ் (செய்தி வந்தால் சர்வரே போனுக்குத் தள்ளிவிடும் ஏற்பாடு) கொண்டுவந்த பிறகு எல்லா ஆப்புக்கும் சேர்த்து ஒரே இணைப்பு திறந்திருந்தால் போதும் என்றானது. என்னைப் பொறுத்தவரை அதுதான் உண்மையான சமநிலை. செய்தியும் உடனே வருகிறது, பேட்டரியும் மிஞ்சுகிறது.

அப்புறம் 2014ல் ஆண்ட்ராய்டு லாலிபாப்பில் ஜாப் ஷெட்யூலர், 2015ல் மார்ஷ்மெல்லோவில் டோஸ். அவசரமில்லாத வேலைகளையெல்லாம் சேர்த்து வைத்து, எப்போதாவது ஒருமுறை ஜன்னலைத் திறந்து மொத்தமாக முடித்துக்கொள்ளச் சொன்னார்கள். எது அவசரம் எது அவசரமில்லை என்று ஆப் எழுதுகிறவர் உண்மையைச் சொன்னால் இது அருமையாக வேலை செய்யும். சலுகை விளம்பரத்தை ஹை ப்ரையாரிட்டியில் அனுப்புகிறவர்கள்தான் எல்லாருக்கும் சேர்த்துக் கெடுக்கிறார்கள்.

நோக்கர்_900

கயல்மொழி அக்கா சொன்ன "உண்மையைச் சொன்னால்" என்பதில்தான் பதினைந்து வருடச் சண்டையே அடங்கியிருக்கிறது. 2009, 2010 வாக்கில் லினக்ஸ் கெர்னல் ஆட்களும் ஆண்ட்ராய்டு ஆட்களும் வேக்லாக்கை வைத்து மாதக்கணக்கில் மோதிக்கொண்டார்கள். ஆண்ட்ராய்டின் வழி, யாரும் கையைத் தூக்காவிட்டால் மொத்த சிஸ்டமும் சஸ்பெண்ட் ஆகி அப்படியே உறைந்துவிடும், வேலை இருக்கிறவர் வேக்லாக்கைப் பிடித்துக்கொள்ளட்டும் என்பது. எதிர்த்தவர்கள் சொன்னது, ப்ரோக்ராம்களை ஒழுங்காக எழுதினால் வேலை இல்லாத ஐடில் நேரத்தில் சிபியு தானாகவே ஆழமாகத் தூங்கும், சஸ்பெண்டே தேவையில்லை என்று. நோக்கியா என்900 (2009) அந்த இரண்டாவது வழியில் ஓடிய போன். கைவசம் இருந்தவர்களுக்குத் தெரியும், அத்தனை ஜன்னலும் உயிரோடு இருக்கும், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுவது அவ்வளவு சுகம். ஆனால் மோசமாக எழுதிய ஒரே ஒரு ப்ரோக்ராம் போதும், விநாடிக்குப் பத்து தடவை டைமர் வைத்து எழுப்பினால் அன்றைய பேட்டரி காலி.

கடைசியில் 2012ல் லினக்ஸ் 3.5ல் ஆட்டோஸ்லீப் என்ற பெயரில் ஏறக்குறைய ஆண்ட்ராய்டு வழியிலான வசதியே கெர்னலுக்குள் வந்தது. எனக்கு மனசு என்னவோ என்900 பக்கம்தான். நல்ல ப்ரோக்ராமுக்கு மரியாதை கொடுத்த ஏற்பாடு அது. ஆனால் ஆப் ஸ்டோரில் லட்சக்கணக்கில் குவியும்போது எல்லாரும் ஒழுங்காக எழுதுவார்கள் என்று நம்பி ஒரு சிஸ்டத்தை நடத்த முடியாது.

ஓம்விதி

இன்றைக்கும் சுத்த லினக்ஸ் போன் வைத்திருப்பவர்கள் இதே இடத்தில்தான் மாட்டுகிறார்கள். பைன்போனை ஆழமாகத் தூங்க வைத்தால் பேட்டரி நிற்கும், ஆனால் அழைப்பு வந்ததும் மோடம் மெயின் சிப்பை எழுப்பி, அது முழித்துக்கொண்டு மணி அடிக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். தூங்க விடாவிட்டால் உடனே அடிக்கும், பேட்டரி அரை நாளுக்குத் தாங்குவதே பாடு.

செல்வைத்தியர்

எல்லாரும் சாஃப்ட்வேரையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். நான் போன் சர்வீஸ் செய்கிறவன். வெண்ணிலவன் தம்பி, முதல் வரியிலேயே "பழையது" என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் பேட்டரி ஹெல்த்தைப் பாருங்கள். பழைய பேட்டரி செல்லில் கொள்ளளவு குறைவது ஒரு பிரச்சினை, அது எல்லாருக்கும் தெரியும். அதைவிட மோசம் உள்மின்தடை கூடுவது. கேமரா திறக்கும்போது சிபியு, ஜிபியு, கேமரா சிப் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து 3 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்மின்தடை 0.1 ஓம் என்றால் வோல்ட்டேஜ் 0.3 விழும், பரவாயில்லை. 0.25 ஓம் ஆகிவிட்டால் 0.75 விழும். 3.6 வோல்ட்டில் நின்ற செல் ஒரு கணம் 2.85க்குப் போகும், போன் பட்டென்று அணைந்துவிடும், 25 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே. குளிரில் இது இன்னும் மோசம்.

ஐபோன் விவகாரம் ஞாபகம் இருக்கும். 2017 ஜனவரியில் ஐஓஎஸ் 10.2.1ல் ஆப்பிள் இதற்கு ஒரு வழி செய்தது. பேட்டரி தளர்ந்த போன்களில் சிப்பின் உச்ச வேகத்தை வெட்டிவிட்டது. அணைவது குறைந்தது, போன் மந்தமானது. எஞ்சினியரிங்காகப் பார்த்தால் அது தப்பே இல்லை, அணைந்துபோகிற போனைவிட மெதுவாக ஓடுகிற போன் மேல். ஆனால் வேகத்தை வெட்டியதைச் சொல்லவில்லை. டிசம்பரில் விஷயம் வெளியே வந்ததும் கொந்தளிப்பு. பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலருக்குக் குறைத்தார்கள், 2018ல் பேட்டரி ஹெல்த் பக்கமும் அந்த வேகக் கட்டுப்பாட்டை நிறுத்தும் வசதியும் வந்தது, 2020ல் பிரான்ஸ் 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது. புது பேட்டரி போட்டால் போன் மறுபடி பழைய வேகத்துக்கு வந்துவிடும் என்பது தெரியாமல் எத்தனை பேர் போனையே தூக்கிப் போட்டிருப்பார்கள், யோசித்துப் பாருங்கள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் விற்பனைக்கு வரும் போன்களின் பேட்டரி 800 சார்ஜ் சைக்கிளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு வைத்திருக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. நல்ல விஷயம்.

வெண்ணிலவன்

எல்லாருக்கும் நன்றி, எதிர்பார்த்ததைவிட எவ்வளவோ அதிகம் கிடைத்தது. சொன்னபடி பார்த்தேன். பேட்டரி ஹெல்த் 74 சதவீதம். ராத்திரி தொடாமல் வைத்தாலே காலையில் நன்றாக இறங்கியிருக்கிறது. பேட்டரி யூசேஜில் ஒரு வானிலை ஆப் மேலே நிற்கிறது, அதற்கு லொகேஷன் அனுமதி "எப்போதும்" என்று இருந்தது. நான் அதை விட்ஜெட்டில் ஒரு பார்வை பார்ப்பதோடு சரி. இப்போது என்ன வரிசையில் செய்வது? திரையை 60 ஹெர்ட்ஸுக்கு இறக்கலாமா? டார்க் மோடு?

ஓம்விதி

60க்கு இறக்குங்கள். நிச்சயம் மிஞ்சும்.

மின்துளி

நான் இறக்க மாட்டேன், குறைந்தபட்சம் முதல் வேலையாக இல்லை. அந்த வானிலை ஆப்புக்கு "பயன்படுத்தும்போது மட்டும்" என்று மாற்றுங்கள், ராத்திரி இறங்குவது பெருமளவு அங்கேயே நிற்கும். லிஸ்டில் அடுத்தடுத்து நிற்பவற்றையும் அப்படியே ஒவ்வொன்றாகப் பாருங்கள், ஆனால் மெசேஜ் ஆப், அலாரம் ஆப் பக்கம் போகாதீர்கள், கயல்மொழி சொன்னது நடக்கும். அப்புறம் பேட்டரியை மாற்றுங்கள். 74 சதவீதத்தில் எந்த செட்டிங்கும் போன 26ஐத் திருப்பித் தராது. பவர் சேவர் 15 சதவீதத்துக்குக் கீழே தானாக வரட்டும், அது அவசர காலத்துக்கு.

டார்க் மோடு ஓஎல்இடி திரையில்தான் உதவும், அதுவும் வெளிச்சத்தை எவ்வளவு வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2021ல் பர்டூ பல்கலைக்கழகத்தில் அளந்து பார்த்தார்கள். 30 முதல் 50 சதவீத வெளிச்சத்தில் மிச்சம் சராசரியாக 3 முதல் 9 சதவீதம்தான், முழு வெளிச்சத்தில்தான் 40 சதவீதத்தை ஒட்டிப் போனது. வீட்டுக்குள் உட்கார்ந்து பயன்படுத்துகிறவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

ஓம்விதி

120க்கும் 60க்கும் உள்ள வித்தியாசம் ஒவ்வொரு தொடுதலிலும் இல்லை மின்துளி, திரை எரியும் ஒவ்வொரு நிமிடத்திலும் இருக்கிறது. உங்கள் 0.4 ஜூல் கணக்கு இதற்குப் பொருந்தாது. எல்டிபிஓ திரை என்றால் பரவாயில்லை, படிக்கும்போது 10, 1 ஹெர்ட்ஸ் வரை தானாக இறங்கிக்கொள்ளும். அவருடைய பழைய திரை அப்படி இறங்குமா?

மின்துளி

நியாயமான கேள்வி. வெண்ணிலவன், டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ரிஃப்ரெஷ் ரேட்டைக் காட்டும் சுவிட்ச் ஒன்று இருக்கும், போட்டுவிட்டு விரலை எடுத்துச் சும்மா பாருங்கள். எண் 60க்கு இறங்கினால் அப்படியே விடுங்கள். விரல் படாதபோதும் 120லேயே நின்றால் ஓம்விதி சொல்வதுபோல் 60 வையுங்கள். பேட்டரி மாற்றி முடித்த பிறகும் ஸ்க்ரோல் திக்கினால் பெர்ஃபெட்டோ என்ற கருவியில் ஒரு ட்ரேஸ், அதாவது சிஸ்டம் செய்ததன் பதிவு, எடுத்து இங்கேயே போடுங்கள், எந்த த்ரெட் எந்த கோரில் காத்திருந்தது என்று ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்த்துச் சொல்கிறேன்.

செல்வைத்தியர்

தம்பி, பேட்டரி மாற்றும்போது பின்மூடியின் பசையையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள், பழையதை அப்படியே அமுக்கி ஒட்டினால் தண்ணீர் புகும்.